இல்லை என்றால் இரண்டு

வெளிநாட்டு உதவியில் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் மீனவர் தெருவே விறகு அடுக்கியிருந்தது. உள்தாழ்ப்பாளை முதன்முதலில் போட்டவள் அமலோற்பவம்தான். அது இறுகிக்கொண்டது. அவள் கத்தியதெல்லாம் கடல் இரைச்சலில் கரைந்தது. ரீசார்ஜ் முடிந்த போனில் யாரையும் கூப்பிடவும் வழியில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

“வணக்கம். உங்கள் கழிப்பறை திருப்தியாக இருக்கிறதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்,” என்றது பதிவுசெய்த பெண்குரல்.

போன மாதம் ஊரோடு சேர்ந்து ஒன்றை அழுத்தியவள், இப்போது இரண்டை அழுத்தினாள்.

“உங்கள் குறையைச் சொல்லவும்.”

“யம்மா, கதவு தொறக்க மாட்டேங்குது! யாரையாச்சும் அனுப்பி விடும்மா!”

“நன்றி. உங்கள் கருத்து பதிவாகிவிட்டது. மீண்டும் கேட்கப் பூஜ்ஜியத்தை அழுத்தவும்.”

விட்டால் இந்தக் குரலும் போய்விடும். பூஜ்ஜியத்தை அழுத்தினாள்.

“வணக்கம்.”

“வணக்கம்மா,” என்றாள் அமலோற்பவம்.