ஐந்து பெல்ட், ஒரு பூட்டு

பூட்டு திரும்பவில்லை.

மேக்னா இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள். வயிற்றுக்குச் சற்று மேலே, பூரி அளவுக்கு ஒரு வட்டப் பூட்டு. தோளிலிருந்து இரண்டு, இடுப்பிலிருந்து இரண்டு, தொடைகளுக்கு நடுவிலிருந்து ஒன்று என ஐந்து பெல்ட்டும் அதில்தான் வந்து சேரும். திருகி அமுக்கினால் ஐந்தும் ஒன்றாகக் கழன்று விழ வேண்டும்.

ஒன்றுகூட விழவில்லை.

படூர்ப் பட்டறையின் நடுவே அவள் உட்கார்ந்திருந்தது, ஆபத்தில் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசுகிற இருக்கை. கண் இமைப்பதற்குள் வெடித்து மேலே பாயும். அந்த நேரத்தில் தோள் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தாலும் முதுகெலும்பு நொறுங்கிவிடும். அதனால் பெல்ட் முதலில் ஆளைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டவைக்கும்.

சின்ன உடம்புக்காரர்களுக்கு மட்டும் தோளில் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. மேக்னாவும் சின்ன உடம்புதான். தன் தோளிலேயே அளந்து அளந்து, பெல்ட் கிளம்பும் இடத்தைக் கீழே இறக்கி, அந்த இடைவெளியை மூடியிருந்தாள்.

இப்போது மூச்சை முழுதாக இழுக்கக்கூட இடமில்லை.

"இன்னா மேடம், நீங்க செஞ்ச பெல்ட்டு உங்களையே வுட மாட்டேங்குது?" பட்டறையின் ஃபிட்டர் திருநாவுக்கரசு சிரித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சந்தனம் மேடம். ஓரமா உள்ள எறங்கி, காஞ்சு கல்லாட்டம் கீது. பெல்ட்ட அறுத்துடவா?"

"ஐயோ, வேணாம்ணே!"

மதியம் விமானப்படை அதிகாரிகள் வருகிறார்கள். இங்கே இருப்பது இந்த ஒரு செட்தான். அறுத்தால் ஒப்புதல் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

அவர் ஊசியால் சுரண்டத் தொடங்கினார்.

முந்தாநாள் ஆயுத பூஜை. லேத்துக்கு, ஸ்பேனருக்கு, கத்தரிக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. இருக்கைக்கு எங்கே வைப்பது என்று கேட்டபோது அவள்தான் பூட்டைக் காட்டினாள். அதற்கு முகம் என்று இருந்தால் அதுதான். நேற்று விடுமுறை, நிதானமாகக் காய்ந்திருக்கிறது.

வானத்தில் பூட்டு இறுகியிருந்தால் நல்லதுதான். கடலில் இறங்கினால்? பாராசூட்டும் இதே பூட்டில்தான் தொங்குகிறது. மாமல்லபுரம் பக்கத்துக் காற்றில் அது உப்பி, பூட்டைக் கழற்ற முடியாத விமானியை அலைக்குள் இழுத்துக்கொண்டே போகும்.

"வுடுங்க மேடம், பறக்கிற பிளேன்ல எவன் சந்தனம் பூசப் போறான்?"

சோதனைக்காகப் போன மாதம் விமானப்படையின் பயிற்சித் தளத்துக்கு நாலு செட் போயிருந்தது. பூஜையன்று சாயங்காலம் அங்கிருந்து ஒரு படம் வந்தது. மாலை போட்ட நாலு இருக்கைகள். ஒவ்வொரு பூட்டின் நடுவிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம்.

எங்கே வைப்பது என்று அவர்களும் அவளைத்தான் கேட்டிருந்தார்கள்.

காலைப் பயிற்சிக்கு இந்நேரம் பெல்ட் மாட்டியிருப்பார்கள். மாட்டும்போது ஒன்றும் தெரியாது. பெல்ட் நுனியைப் பூட்டுக்குள் தள்ளினாலே போதும், க்ளிக்கென்று உட்கார்ந்துவிடும்.

"அண்ணே, இத விடுங்க," என்றாள். "முதல்ல என் போனை எடுங்க."