பத்து மடங்கு

தோதாத்ரி கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கட்டில்மேல் வைக்கிறார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள் விழ, ஐந்து வருடத் தூசி சாம்பல் நிறப் பஞ்சாகப் படிந்து கிடப்பது தெரிகிறது. டல்லாஸிலிருந்து மகன் வரத் அனுப்பும் பேரனின் போட்டோக்களால் பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒன்றைக்கூட அழிக்க மனைவி ஸ்ரீவல்லி விடவில்லை. புது டிஸ்க்கைப் பெருமாள் முன்னால் வைத்துவிட்டு இப்போதுதான் எடுத்து வருகிறாள். அதன் முதுகில் ஈரம் காயாத சந்தனப் பொட்டு. இந்தத் துளையை மூடக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் இடத்தில், துளைமேலேயே வைத்திருக்கிறாள். "ஏண்டி, இது மூச்சு விடற இடம்" என்று அவர் வேட்டி நுனியால் துடைக்கிறார். "பெருமாள் சந்தனத்தையா துடைக்கறேள்?" அவர் டிஸ்க்கை உள்ளே தள்ளி, ஒயரைச் செருகி, திருகாணிகளை அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி முடுக்குகிறார். தெருவில் திருமலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்புகிறது. "ஏன்னா, பழசைவிட இது எவ்வளவு பெரிசு?" "பத்து மடங்கு." கடைசித் திருகாணிக்காக அவர் கையை நீட்டுகிறார். ஸ்ரீவல்லி அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே பார்க்கிறாள். "அப்போ இது ரொம்பற வரைக்கும் வரத் அங்கேயேதான் இருப்பானா?"