ஒத்துப்போன தேதி

திரையில் நான்கு கட்டங்களும் பச்சையாகிவிட்டன.

ஒன்பது நிமிடம். போன மாதம் வரை இதற்கு மூன்று நாள் ஆகும்.

சுங்கம். மருந்துக் கட்டுப்பாடு. விமான நிலைய சுகாதாரம். குளிர்கிடங்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம் இருந்தது. விமானத்தில் வரும் மருந்துப் பெட்டிகளுக்கு அனுமதி வாங்கித் தருவது அவள் வேலை. ஒரே பெட்டியைப் பற்றி நான்கு முறை எழுதுவாள். எழுதி முடித்ததும் நான்கு தாள்களையும் மேஜையில் பரப்பி, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பாள். ஏதாவது ஒன்றில் எண் மாறியிருந்தால் அங்கே பிழை. தன் பிழைகளை அவள் அப்படித்தான் பிடித்துவந்தாள்.

இந்த மாதம் முதல் ஒரே படிவம். கணினியில் ஒருமுறை அடித்தால் நான்கு துறைக்கும் போய்விடும்.

இன்றும் அவள் நான்கு துறையின் பக்கங்களையும் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டாள்.

எல்லாம் ஒத்துப்போயின.

அடுத்த மேஜையிலிருந்து கஸ்பார் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா, ஒரே போட்டோவ நாலு காப்பி எடுத்து வெச்சிக்கினு மூஞ்சி ஒத்துப்போவுதான்னு பாக்குற?”

அவளும் சிரித்தாள். சிரித்தபடியேதான் மருந்துக் கம்பெனியின் கடிதத்தைக் கோப்பில் வைக்க எடுத்தாள்.

கடிதத்தில் காலாவதி: இந்த ஆண்டு நவம்பர்.

திரையில்: அடுத்த ஆண்டு நவம்பர்.

போன மாதப் பெட்டியின் படிவத்தை நகலெடுத்துத்தான் இதை நிரப்பினாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். விமான எண்ணை மாற்றினாள். எடையை மாற்றினாள். மாதம் ஒன்றாக இருந்ததால் கண் வருடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

தவறு நான்கு இடத்துக்கும் ஒரே முகத்தோடு போயிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துக்கு ஆயுளில் அறுபது சதவீதமாவது மீதி இருக்க வேண்டும். இது இரண்டு வருட மருந்து. நான்கு மாதம்தான் மீதி. உண்மையான தேதி போயிருந்தால் பச்சை வந்திருக்காது. தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை. மணி மூன்றே முக்கால்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மருந்தை எடுத்துப்போகத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். உடுமலைப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தவர். மருந்து அவர் மகளுக்கு. செவ்வாய்க்கிழமை ஊசி. பெட்டிக்குள் இருந்த ஐஸை இதற்குள் ஒருமுறை மாற்றிவிட்டார்.

அவள் கடிதத்தைக் கஸ்பார் அண்ணனிடம் காட்டினாள். அவர் படித்தார். சிரிப்பு நின்றது. பச்சை வந்தாயிற்று, மருந்து கெட்டுப்போகவும் இல்லை, விட்டுவிடு என்று தணிந்த குரலில் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை கண்ணாடிக் கதவின் மேல் இருந்தது.

தன் பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு குழந்தை காத்திருக்க வேண்டுமா என்று நினைத்தாள். பிறகு, விட்டுவிடத் தோன்றுவது குழந்தைக்காகவா, தன் பெயர் கெடாமல் இருக்கவா என்றும் நினைத்தாள்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

எழுந்து வெளியே போனாள்.

பிழை தன்னுடையது என்பதை முதலில் சொன்னாள். பிறகு கடிதத்தைக் கொடுத்து இரண்டு தேதிகளையும் சொன்னாள். விட்டுவிட்டால் மருந்து இன்றே கைக்கு வரும். கிடங்கு வாசலில் யாராவது மருந்துப் பெட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டால், அவர் பெயரில் உள்ள அனுமதி நான்கு துறையிலும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அடுத்த மாதப் பெட்டி வராது. திருத்தினால் இந்தப் பச்சை போய்விடும். திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மருந்து இருவத்தொரு நாள்ல தீந்துருமுங்களே அம்மிணி.”

“தெரியும்ணா.”

பெட்டியின் மூடியைத் திறந்தார். ஐஸைப் பார்த்தார். மூடினார்.

“மாசாமாசம் வரோணுமுங்க,” என்றார்.

கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவள் உள்ளே வந்து வருடத்தைத் திருத்தினாள். காரணம் கேட்ட இடத்தில், பழைய படிவத்தை நகலெடுத்தபோது நான் கவனிக்கவில்லை என்று எழுதினாள். தனி அனுமதி கேட்டு, மருந்து காலாவதிக்கு முன்பே இருபத்தொரு நாளில் தீர்ந்துவிடும், செவ்வாய்க்கிழமை ஊசி என்றும் எழுதினாள். அனுப்பினாள்.

நான்கு கட்டங்களும் மஞ்சளாயின.

நாலேகாலுக்குச் சுகாதாரம் பச்சையானது. அடுத்து கிடங்கு. ஐந்து மணிக்குச் சுங்கம்.

மருந்துக் கட்டுப்பாடு மட்டும் மஞ்சள்.

ஐந்தரைக்குக் கஸ்பார் அண்ணன் பையைத் தோளில் மாட்டினார். திரையைப் பார்த்தார். பையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நாச்சிமுத்துவை உள்ளே அழைத்துவந்து, தன் நாற்காலியைப் போட்டார்.

ஐந்து நாற்பதுக்கு மஞ்சள் கட்டத்தின் கீழே ஒரு வரி வந்தது. அதிகாரியின் கேள்வி.

படிவத்தில் நூற்றுப் பதினான்கு இடங்கள் உண்டு. எதிலும் இது இல்லை.

குழந்தைக்கு என்ன வயது?

அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“சித்திர வந்தா ஏழுங்க,” என்றார் நாச்சிமுத்து.

ஏழு என்று அடித்தாள். அழித்தாள். ஆறு என்று அடித்தாள்.

கஸ்பார் அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். நாச்சிமுத்துவும் குனிந்து பார்த்தார். ஒரே ஓர் எண். மூன்று பேரும் பார்த்தார்கள்.

அனுப்பினாள்.

இங்கே பக்கத்தில் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று நாச்சிமுத்து கேட்டார்.

கஸ்பார் அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தார்.