இடம்புரித் திருகு

அக்காவின் சக்கர நாற்காலியில் வலப்பக்கத் திருகு தேய்ந்துவிட்டது. கடைகளில் அது கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அவள் புது வேலையில் சேர வேண்டும். திருகை நானே வெட்டிவிடலாம் என்று, மாலை வகுப்பில் படித்ததை நம்பி, என் சின்ன லேத்தில் மோட்டார்களைப் பொருத்திக் கணினியோடு இணைத்தேன். முதல் திருகிலேயே மரை எதிர்ப்பக்கமாக, இடம்புரியாகச் சுற்றியிருந்தது. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நிரலையும் ஒயர்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரி. எதையும் மாற்றாமல் வெட்டிய அடுத்த திருகு கச்சிதமாகப் பொருந்தியது.

"முதல் பிள்ளை உன்ன மாதிரியே ஏறுமாறா வந்திருக்குடா" என்று சிரித்த அக்கா, அதை நான் தூக்கிப் போடுவதற்குள் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, சாலையைக் கடக்கும்போது இடப்பக்கத் திருகு உடைந்தது. அந்தப் பக்கத்து மரை இடம்புரி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பையில் இருந்தது பொருந்தியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இன்று லேத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பழகுவதற்காக ஒரு கம்பியைக் கொடுத்தேன். வலம்புரிதான் கேட்டேன். பாதியை வலம்புரியாகவும் மீதியை இடம்புரியாகவும் வெட்டியிருந்தது. அப்படியொரு திருகு பொருந்தும் பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

"இது எதுக்குக்கா?"

"வேண்டியப்போ தெரியும். கொடு."

அவள் அதைக் கைப்பையில் வைத்து மூடினாள். பிறகு இருவரும் லேத்தின் பக்கம் திரும்பி நன்றி சொன்னோம்.