நாற்பத்தொன்றாம் பக்கம்

காக்கிச் சட்டையை ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான் அவள் அண்ணன் பூபதி.

மடிப்புக் கலையாத புதுத்துணி. அதன் மேல் ஒரு பெல்ட், ஒரு விசில்.

"உக்காந்த எடத்துல சம்பளம், மாப்ள" என்றான். "வெயில் இல்ல, மழை இல்ல. மில்லு கேட்டுல ஒரு நாற்காலி. ஒண்ணாந்தேதி வந்துருவாருன்னு சொல்லிட்டேன்."

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவன் நிமிரவில்லை.

அவன் மடியில் கருவிப் புத்தகம் விரிந்து கிடந்தது. வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. உள்ளே கட்டைவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. பட்டறையின் மர அறுவை மெஷின் கொண்டுபோனது. அதை டாக்டர் அவளிடம்தான் முதலில் சொன்னார். ஆறு நாளாகிறது.

இடது கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான். வழவழப்பான தாள். இரண்டிரண்டாகப் புரண்டது.

எச்சில் தொட்டான். மறுபடி புரட்டினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருடம் ஒருமுறை கடைக்காரர்கள் தச்சர்களுக்குச் சும்மா கொடுக்கிற புத்தகம் அது. ரம்பம், உளி, இழைப்புளி, துளை போடும் மெஷின். பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே படிப்பான். வாங்குவது ஒன்றோ இரண்டோ. ஆனால் ஒரு படம் விடமாட்டான். பட்டறை ஆட்கள் வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். டீ ஆறிக் கிடக்கும். நாலு தலை ஒரு திருகாணியின் மேல் கவிழ்ந்திருக்கும்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னைக்கூட இத்தன நேரம் பாக்கல" என்று ஒருமுறை குத்திக் காட்டினாள்.

"அன்னிக்கு எதுக்க உங்கப்பா உக்காந்திருந்தாரே" என்றான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாளே அந்தப் புத்தகத்தைக் கேட்டான். மறந்துவிட்டேன் என்றாள். அடுத்த நாளும் மறந்தாள். அதற்கடுத்த நாளும். நேற்று அவன் சோற்றைத் தொடவில்லை.

இன்று கொண்டுவந்து கொடுத்தாள்.

"இனிமே இது எதுக்கு, மாப்ள?" பூபதி குனிந்தான். குரலில் கனிவுதான் இருந்தது. "பாக்கப் பாக்க மனசுதான் கெடும்."

புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

அது வரவில்லை.

அவள் கணவனின் இடது உள்ளங்கை பக்கத்தின் மேல் அழுந்தியிருந்தது.

பூபதி இன்னும் கொஞ்சம் இழுத்தான். தையல் பக்கம் தாள் கிழிகிற சத்தம் கேட்டது.

"விடுங்க மச்சான்."

ஆறு நாளில் அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

பூபதி விட்டுவிட்டான்.

அப்போதுதான் அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஒரு கைரம்பம். மரப்பிடியை மட்டும் நிஜ அளவில் தனியாக அச்சடித்திருந்தார்கள். அவன் இடது கையை அந்தப் படத்தின் மேல் பதித்துப் பிடித்துப் பார்த்தான். பிடியின் புடைப்பு வலது உள்ளங்கைக்குச் செய்தது. பொருந்தவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினான். விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். சுண்டுவிரலை உள்ளே மடக்கினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

ஏங்கிப்போய்ப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தாள்.

அவன் வேலை செய்துகொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். காக்கிச் சட்டையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்தாள். பெல்ட்டையும் விசிலையும் எடுத்தாள். அண்ணன் கொண்டுவந்த பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"அண்ணா, இது அவருக்கு அளவு சேராது."

"போட்டே பாக்கலயே, அம்மிணி."

"நான் பாத்துட்டேன்."

பூபதி அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பொட்டப் புள்ளைகள வெச்சிருக்கற. வீம்பு பண்ணாத. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வேற ஆளைப் போடமாட்டாங்க."

"இன்னிக்கே போட்டுக்கச் சொல்லுங்க."

அண்ணன் பையோடு வெளியேறும்வரை நின்றாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுத்த மாதச் செலவு கண் முன்னால் வந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டாள்.

கணவன் கட்டுப் போட்ட கையை லேசாகத் தூக்கினான்.

"இது பலகைய அமுத்திப் புடிச்சுக்கும்" என்றான். "அது போதும்."

நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அவன் கண் சொருகியது.

அவன் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். பின்னட்டையில் இருந்த கடை நம்பருக்குப் போன் போட்டாள்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு கைரம்பம் இருக்குதுங்களே, மரப்பிடி போட்டது."

"ஆமாங்க. எத்தன வேணும்?"

"அந்தப் பிடி இடது கைக்கு வருங்களா?"

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம். யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்.

"சொல்லித்தான் செஞ்சு வாங்கோணும். பத்து நாளாகுமுங்க." எழுதிக்கொண்டே கேட்டார். "ஆசாரிக்கு இடது கைப் பழக்கமுங்களா?"

வார்டுக் கதவுக் கண்ணாடி வழியாக அவன் கட்டில் தெரிந்தது.

"பழகிட்டு இருக்காருங்க" என்றாள்.