சாயம் போகாது

நம்க்யால் வாயைத் திறந்ததும் நஞ்சுண்டனின் மிருதங்கத்தில் ஒரு அடி தவறியது.

யாரும் கவனிக்கவில்லை. நியூ ஜெர்ஸியின் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட். 2006 மே மாதத்துச் சனிக்கிழமை மதியம். கேட்க வந்திருந்தவரே ஒருவர்தான். கோடை விழாக்களுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூடித். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, மடக்கு நாற்காலியில் சம்மணம் போட முயன்று பாதியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

குழுவின் பெயர் ‘மூன்று காற்று’. இமயத்தின் குரல், காவிரியின் தாளம், நைஜரின் இடி என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

எழுதியவர் நஞ்சுண்டன். வார நாட்களில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சாஃப்ட்வேர் சோதிப்பவர். அவருக்குக் காவிரி என்றால் மேட்டூர் அணையோரத்து மீன் வறுவல். ஜெம்பே என்ற ஆப்பிரிக்க முரசு அடிக்கும் இப்ரா செனகல்காரன். நைஜர் நதி அவன் நாட்டுப் பக்கமே போகவில்லை. வெண்கலக் கிண்ணம் தட்டிப் பாடும் நம்க்யால் லாசாவிலிருந்து வந்தவன் என்றும் நோட்டீஸ் சொன்னது. திபெத்துக்காரன் வேறு எங்கிருந்து வருவான் என்று, அவனைக் கேட்காமலே போட்டுவிட்டார்.

எட்டு மாதமாக ஒத்திகை. மூவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள்.

நடுவில் மனைவி ஷ்யாமளா போன் செய்தால் மட்டும் நஞ்சுண்டன் தமிழுக்கு மாறுவார். ஒத்திகை எப்படிப் போகிறது என்று அவள் கேட்பாள். கிண்ணம் தட்டுகிறவனைப் பற்றி வாராவாரம் அதே ஒரு வாக்கியத்தைப் பதிலாகச் சொல்வார். கிண்ணம் தட்டுகிறவன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். சில சமயம் புன்னகை செய்வான்.

ஜூடித்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று. படித்ததும் பயின்றதும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் காதில் விழுந்தது எதுவோ அது வேண்டும்.

மீனவர்கள் வலை இழுக்கும் பாட்டைத் தட்டி இப்ரா தேறிவிட்டான். நஞ்சுண்டன் மாரியம்மன் பண்டிகை மேளத்தை வாசித்து ஒப்பேற்றினார். மிச்சம் நம்க்யால். அவன் விசா ஜூன் பதினைந்தோடு முடிகிறது. ஜூடித் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால் நீளும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவன் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினான். குளிரில் லாரி கிளம்புவது போல அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழும்பியது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முழம் இழுத்தான்.

வாங்கம்மா வாங்க. பாத்தா காசில்ல. போட்டுப் பாத்தா காசில்ல. சாயம் போகாது. சுருங்காது.

நஞ்சுண்டனுக்கு அந்த ராகம் தெரியும். சேலத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். கார்த்திகை பிறந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கயிறு கட்டி ஸ்வெட்டர் தொங்கவிடும் திபெத்துப் பெண்கள், தை முடியும்வரை அதைத்தான் பாடுவார்கள். அவர்களில் ஒருத்தியின் மடியில் இவன் கிடந்திருக்கிறான்.

ஜூடித்தின் நிபந்தனையை அன்று நூற்றுக்கு நூறு நிறைவேற்றியது அவன் ஒருவன்தான்.

மூன்று சுற்று வந்தது. பிறகு குரல் இன்னும் கீழே இறங்கியது. புதிதாக ஒரு வரி. அதையே ஒன்பது முறை பாடினான். ஒவ்வொரு முறையும் அது தாளத்தின் முதல் அடியில் ஆணி அடித்த மாதிரி வந்து விழுந்தது. மிருதங்கம்தான் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஓசை அடங்கியபோது ஜூடித்தின் கன்னம் நனைந்திருந்தது. அர்த்தம் சொல்ல முடியுமா என்றார்.

நம்க்யால் பணிவாக நஞ்சுண்டனைக் கைகாட்டினான். இந்த மொழி தன்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்றான்.

நஞ்சுண்டன் பொய் சொல்லத் தயாரானார். அவசியப்படவில்லை. வரிக்கு வரி மொழிபெயர்த்தாலே போதுமாக இருந்தது.

தாயே, வருக. காண்பதற்கு விலையில்லை. அணிந்து பார்ப்பதற்கும் விலையில்லை. அதன் நிறம் நீங்காது. அது குறுகாது.

குறுகாது என்பது மட்டும் உண்மையில்லை. ஆறாம் வகுப்பில் அவருக்கு வாங்கிய மெரூன் ஸ்வெட்டர் ஒரே தோய்ப்பில் தம்பிக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில் அதைக் கிளறவில்லை.

அணிவது என்றால் ஆன்மா உடலை அணிவதுதானே என்று ஜூடித் கேட்டார். அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றார் நஞ்சுண்டன்.

ஜூடித் கடிதத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினார். ஒன்பது முறை வந்த வரியை விட்டுவிட்டீர்களே என்றார். அதுதான் உச்சம் என்று தனக்குப் பட்டதாம். அது தெரியாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லையாம்.

நம்க்யால் டீயை எடுத்து உறிஞ்சினான். புன்னகை செய்தான்.

நஞ்சுண்டன் மிருதங்கத்தின் வாரை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தார். பிறகு அதையும் அப்படியே மொழிபெயர்த்தார். லயம் அறியாத பிறவி.

யார் அந்தப் பிறவி என்று ஜூடித் மெதுவாகக் கேட்டார்.

“நான்தான்” என்றார் நஞ்சுண்டன்.

ஜூடித் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு அடக்கத்தை நியூ ஜெர்ஸியில் தான் பார்த்ததேயில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் நஞ்சுண்டனின் போன் அடித்தது. ஷ்யாமளா. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

“எடுங்கண்ணே” என்றான் நம்க்யால், சேலத்துத் தமிழில். “தாளமே தெரியாத ஜென்மம் பாஸாயிடுச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க.”