ஊசித் தட்டு

ஒரு விடுகதை. அவிழ்த்துப் பாருங்கள்.

ஒரு கை குத்தும். மற்றக் கை தடவும். ஊசி போடும் நேரத்தில் பிள்ளை எந்தக் கையைக் கேட்கும்?

தடவும் கையைத்தான் என்கிறீர்களா? எண்பத்தாறாம் ஆண்டில் அந்தத் தீவு ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மண்ணெண்ணெய் அடுப்பு இரையும் சத்தம் எங்கே கேட்டாலும், அன்னபூரணத்துக்கு இன்றும் அந்தப் பிள்ளைகள் வாட்டு நினைவில் வந்துவிடும். அடுப்பில் ஊசிகள் கொதிக்கும். அந்த வாட்டுக்கு நேர்ஸ்மார் இரண்டே பேர். குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளம் வராத நாட்களில் மாற்று ஆளும் வராது. இரவும் பகலும் அவர்கள்தான்.

மூத்தவள் மேரிஜோசப்பின். ஊசித் தட்டு எப்போதும் அவள் கையில். பால் கரைத்துக் கொடுப்பது, சீப்பால் தலை இழுத்து விடுவது, கதை சொல்வது எல்லாம் இளையவள் அன்னபூரணம்.

"ஜோசப்பின் மிஸிக்குக் கண்ணில ஈரமில்லை," என்றாள் பார்வதிப்பிள்ளை. அவளுடைய ஐந்து வயது மகள் சறோ சளிக்காய்ச்சலோடு கிடந்தாள். "பெத்தவளை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டெல்லே குத்துறா."

"அவவைக் கண்டாலே என்ர பெடிக்குக் காய்ச்சல் கூடுது," என்றாள் பக்கத்துக் கட்டில் செபஸ்தியம்மா.

அன்று காலை டொக்டர் பரராசசிங்கம் வாட்டுக்கு வந்ததும் பார்வதிப்பிள்ளை எழுந்து நின்றாள்.

"ஐயா, என்ர பிள்ளைக்கு அன்னம் மிஸி ஊசி போடட்டும். அவ போட்டா நோகாது."

மற்றத் தாய்மாரும் தலையாட்டினார்கள்.

டொக்டர் ஜோசப்பினைப் பார்த்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம், மிஸி. நீங்கள் பெரிய ஆக்களின்ர வாட்டுக்குப் போங்கோ. இனி இஞ்சை அன்னபூரணம் ஊசியைப் போடட்டும்."

"ஓம், டொக்டர்."

ஜோசப்பின் தட்டை நீட்டினாள். அன்னபூரணம் அதை வாங்காமல் பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஏன் வாங்காமல் நிக்கிறீர்?" என்றார் டொக்டர்.

"காலமை சாப்பிடேல்லை அவ," என்று ஜோசப்பின் முந்திக்கொண்டாள்.

அன்னபூரணம் தட்டை வாங்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். தட்டைக் கண்டதும் சறோ காலை மடக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தடவ வந்த கையையும் தட்டிவிட்டாள்.

"வேண்டாம். நீங்கள் வேண்டாம்."

"ஏனடி?" என்றாள் தாய். "உனக்கு விருப்பமான மிஸியெல்லே?"

"அன்னம் மிஸி குத்தினா, நான் பிறகு ஆரிட்டைப் போய் அழுறது?"

அன்னபூரணம் தட்டைக் கீழே வைத்தாள்.

"டொக்டர், வந்த புதிசில ஊசியும் நான்தான் போட்டனான். பிறகு ஒரு பிள்ளையும் என்ர கையால பால் குடிக்கேல்லை. என்னைக் கண்டாலே கத்திச்சுதுகள். இந்த வேலை எனக்கு ஏலாது, என்ர ஊர் நாரந்தனைக்கே திரும்பிப் போறன் எண்டு பெட்டி கட்டினனான். ஜோசப்பின் அக்காதான் மறிச்சவ. 'தட்டை என்னட்டைத் தாரும். குத்து வாங்கின பிள்ளைக்கு ஓடிப்போக ஓரிடம் வேணும். நீர் அந்த இடமாய் இரும்' எண்டவ. தாய்மாரை வெளியில அனுப்பிறதும் அதுக்குத்தான். பெத்தவள் பிடிச்சுக் குடுத்தவள் எண்டு பிள்ளை நினைக்கக்கூடாதாம். அண்டைக்குத் துவங்கி ஊசியும் அவவுக்கு, ஏச்சுப் பேச்சும் அவவுக்கு."

"அது பழங்கதை," என்றாள் ஜோசப்பின். "மருந்துக்கு நேரமாகுது."

பார்வதிப்பிள்ளை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நான் வெளியில நிக்கிறன், மிஸி," என்று சொல்லிக்கொண்டு தானாகவே கதவடிக்குப் போனாள்.

டொக்டர் கட்டிலண்டை குனிந்தார். "நீ சொல்லு, பிள்ளை. ஆர் ஊசி போடுறது?"

"ஜோசப்பின் மிஸி," என்றாள் சறோ.